லோஃப்ட் மூலம் வழவழப்பான கைப்பிடி வடிவத்தை உருவாக்குவது: முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கையடக்கக் கருவிகளுக்குப் பிளாஸ்டிக் உறை வடிவமைக்கும் பிரிவுகளில் சேரும் புதியவர்கள், முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளின் எக்ஸ்ட்ரூட் (வரைந்ததை நேராக நீட்டுதல்), ரிவால்வ் (ஒரு கோட்டைச் சுற்றிச் சுழற்றுதல்), ஃபில்லெட் (ஓரத்தை உருட்டுதல்) ஆகியவற்றை நன்றாகவே பழகிக்கொண்டு வருகிறார்கள். பல குறுக்குவெட்டுகளை இணைத்து ஒரே மேற்பரப்பாக்கும் லோஃப்ட் கட்டளைக்கு வரும்போதுதான் தடுமாறுகிறார்கள். "அண்ணே, எல்லா ஆப்ஷனையும் மாத்திப் பாத்துட்டேன், மேற்பரப்பு இன்னும் அலை அலையா வருது" என்று ஒரு இன்டர்ன் கணினியைத் திருப்பிக் காட்டும்போது, நான் லோஃப்ட் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. அதற்குக் கீழே உள்ள ஸ்கெட்ச்களை, அதாவது தளங்களில் வரைந்த கோட்டுப் படங்களைத்தான் திறந்து பார்ப்பேன். மேற்பரப்பு வழவழப்பாக வருமா வராதா என்பது, அந்தக் கட்டளையைத் திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, கிடங்குகளில் பயன்படும் பார்கோடு ஸ்கேனரின் கைப்பிடி. நீளம் சுமார் 110 மி.மீ.; மேலே தலைப்பகுதியுடன் இணைகிறது; நடுவில் இடுங்கி, கீழே மீண்டும் சற்று அகலமாகிறது. கட்டளைப் பெயர்களைச் சாலிட்வொர்க்ஸில் உள்ளபடி சொல்கிறேன். ஃபியூஷன், ஃப்ரீகேட் ஆகியவற்றில் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

1. தொடங்குவதற்கு முன் தேவையானவை

பக்கத் தோற்றம் ஒன்றும் முன் தோற்றம் ஒன்றுமாக, அளவு குறித்த இரண்டு கைவரைபடங்கள் இருக்க வேண்டும். களிமண்ணிலோ நுரைப்பலகையிலோ செய்த மாதிரி இருந்தால் அதைத் தொலைவிலிருந்து ஜூம் செய்து படமெடுத்துப் பின்னணியாக வையுங்கள். அருகில் நின்று எடுத்த படத்தில் ஓரங்கள் விரிந்து தெரியும். அந்தப் பிழை அப்படியே உங்கள் கோட்டுக்குள் வந்துவிடும்.

உறை எந்தத் திசையில் அதை வார்க்கும் அச்சிலிருந்து பிரியும், சுவர்த் தடிமன் எவ்வளவு, மேற்பரப்பில் டெக்ஸ்சர் (சொரசொரப்பு) உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வடிவம் முடிந்த பிறகு முதல் ஸ்கெட்ச்சிலிருந்து மாற்ற வேண்டியிருக்கும். பயன்படுத்துபவர் கையுறை அணிவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். அதைப் பொறுத்துக் கைப்பிடியின் சுற்றளவு மாறும்.

2. எது லோஃப்ட், எது லோஃப்ட் அல்ல என்று பிரித்தல்

முழுக் கருவியையும் ஒரே லோஃப்ட்டில் கொண்டுவர முயல்வதுதான் நான் அதிகம் பார்க்கும் முதல் தவறு. கைப்பிடியின் உடல் மட்டும் லோஃப்ட். தலைப்பகுதி எக்ஸ்ட்ரூட்டும் ஃபில்லெட்டும் போதுமான வடிவம். ட்ரிக்கர் திறப்பு, திருகுத் துளைகள், கேபிள் வாய் எல்லாம் பின்னால் வெட்டி எடுப்பவை.

கீழ்முனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உருண்டையான முனை வேண்டும் என்பதற்காகக் கடைசிக் குறுக்குவெட்டுக்குப் பதிலாக ஒரு புள்ளியைக் கொடுத்து லோஃப்ட் செய்கிறார்கள். மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் மேற்பரப்பின் கோடுகள் அனைத்தும் அந்த ஒரே புள்ளியில் வந்து குவிவதால் அங்கே சுருக்கம் விழும், பின்னால் உட்புறத்தைக் குடைந்து சுவராக்கும் ஷெல் கட்டளையும் பெரும்பாலும் அங்கேதான் முறியும். புள்ளிக்கு முன்பே லோஃப்ட்டை நிறுத்தி, திறந்த வாயை ஃபில் சர்ஃபேஸ் கொண்டு மூடுங்கள். தட்டையான அடிப்பாகத்தை ஃபில்லெட் செய்வது அதைவிட எளிது. பெரும்பாலான கைப்பிடிகளுக்கு அதுவே போதும்.

3. முதலில் புறக்கோடுகள், பிறகுதான் குறுக்குவெட்டுகள்

பலர் குறுக்குவெட்டுகளை முதலில் வரைந்துவிட்டு, அவற்றைத் தொட்டுச் செல்லும்படி வழிக்கோடுகளை, அதாவது கைடு கர்வ்களை, வளைத்து வளைத்துப் பொருத்துகிறார்கள். அப்படி வரும் கோடு எல்லாப் புள்ளிகளையும் தொடும், ஆனால் எங்கும் சீராக ஓடாது. கண் முதலில் பார்ப்பது புறக்கோட்டைத்தான். ஆகவே அதை முதலில் சுதந்திரமாக வரைந்து, குறுக்குவெட்டுகளின் அளவை அதன்படி அமையச் செய்யுங்கள்.

கைப்பிடி இடம் வலம் ஒத்தது. ஆகவே அதைச் சரிபாதியாகப் பிரிக்கும் சமச்சீர்த் தளத்தில் பக்கத் தோற்றத்தின் முன்விளிம்பு ஒரு ஸ்ப்லைன் (புள்ளிகள் வழியே ஓடும் வளைகோடு), பின்விளிம்பு ஒரு ஸ்ப்லைன். இரண்டையும் வெவ்வேறு ஸ்கெட்ச்களாக வைத்துக்கொண்டால் லோஃப்ட்டில் தேர்ந்தெடுப்பது எளிது.

ஸ்ப்லைனில் புள்ளிகள் குறைவாக இருக்கட்டும். முன்விளிம்புக்கு இரு முனைகளும் இடையில் ஒன்றோ இரண்டோ புள்ளிகளும் போதும். வடிவத்தை முனைகளில் உள்ள தொடுகோட்டு ஹேண்டில்களை இழுத்துச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு புள்ளியும் கோட்டை அந்த இடத்தில் பிடித்து இழுக்கிறது. எட்டுப் புள்ளிகள் வைத்தால் எட்டு இடங்களில் மெல்லிய தளும்பல் வரும். அது திரையில் வெறும் கண்ணுக்குத் தெரியாது, பளபளப்பான பிளாஸ்டிக்கில் விளக்கொளி விழும்போது தெரியும்.

இங்கே வளைவுச் சீப்பை இயக்குங்கள். கோட்டின் மேல் செங்குத்தாக முளைக்கும் மயிர்க்கோடுகளின் உயரம் அந்த இடத்து வளைவின் அளவைக் காட்டுகிறது. அவற்றின் நுனிகளை இணைத்து ஓடும் கோடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். சீப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவும் இடத்தில் குழிவு குமிழாக மாறுகிறது என்று பொருள். நம் கைப்பிடியின் முன்விளிம்பில், விரல்கள் படியும் குழிவுக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை அது நிகழலாம். மூன்றாவது தாவல் இருந்தால் அது நீங்கள் கேட்காத அலை. ஒரு புள்ளியை நீக்கிவிட்டு மீண்டும் பாருங்கள்.

4. தளங்களை வைத்தல்

இரு விளிம்புகளுக்கும் நடுவே ஒரு மையக்கோடு வரைந்து, அதற்குச் செங்குத்தாகத் தளங்களை அமையுங்கள். எல்லாத் தளங்களையும் கிடைமட்டமாக, ஒன்றுக்கொன்று இணையாக வைத்தால், சாய்ந்த கைப்பிடியில் குறுக்குவெட்டுகள் நீண்டு கோணலாகிவிடும். அளவு 34 மி.மீ. என்று எழுதியிருப்பீர்கள், கையில் பிடிக்கும் தடிமன் வேறாக இருக்கும்.

மையக்கோடு மிகக் கூர்மையாக வளைந்தால் அடுத்தடுத்த தளங்கள் உட்புறத்தில் ஒன்றையொன்று வெட்டும். வளைவின் ஆரம், மையக்கோட்டிலிருந்து உள்விளிம்பு வரையுள்ள தொலைவைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேற்பரப்பு தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது என்ற பிழைச்செய்தி வரும். அந்த நேரத்தில் லோஃப்ட் அமைப்புகளில் தேடிப் பயனில்லை.

எத்தனை தளங்கள்? மேலே ஒன்று, இடுங்கிய நடுவில் ஒன்று, கீழே ஒன்று. மூன்று போதும், உள்ளங்கை அமரும் புடைப்பு வேண்டுமானால் நான்கு. பத்து மி.மீ.க்கு ஒன்று வைத்தால் துல்லியம் கூடும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் நடப்பது அதற்கு எதிர்மாறானது. வெட்டுகளுக்கு இடையே மென்பொருள் தானாகவே சீராக நிரப்பிக்கொள்ளும். அதன் பாதையில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு கூடுதல் வெட்டும் அதை அந்த அளவுக்குள் வற்புறுத்தி நுழைக்கிறது. 0.2 மி.மீ. பொருந்தாமை இருந்தாலும் இருபுறமும் அலை எழும். வடிவத்தின் மேல் கூடுதல் கட்டுப்பாடு தேவைப்பட்டால் வழிக்கோட்டைக் கூட்டுங்கள், குறுக்குவெட்டைக் கூட்ட வேண்டாம்.

5. குறுக்குவெட்டுகளை வரைதல்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

சமச்சீரான வடிவம் என்பதால் பாதியை மட்டும் வரையுங்கள். ஒவ்வொரு தளத்திலும் முன்விளிம்பில் தொடங்கி, பக்கவாட்டில் வளைந்து, பின்விளிம்பில் முடியும் ஒரே ஒரு ஸ்ப்லைன். எல்லாத் தளங்களிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். வரையும் திசையும் ஒன்றாக இருக்கட்டும். வெட்டுக்கு ஒரே துண்டு என்றாகிவிட்டால், எந்தத் துண்டை எந்தத் துண்டோடு இணைப்பது என்று மென்பொருள் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

ஸ்ப்லைனின் முனைப்புள்ளிகளை வழிக்கோடுகளோடு பியர்ஸ் உறவால் கட்டுங்கள். கோயின்சிடென்ட் உறவு போதாது என்பதைப் பலமுறை சொல்லியும் மறந்துவிடுகிறார்கள். கோயின்சிடென்ட் கொடுத்தால் புள்ளி அந்தக் கோட்டின் நிழல்மீது எங்காவது இருக்கக்கூடும்; திரையில் ஒட்டியிருப்பது போலத் தெரியும், திருப்பிப் பார்த்தால் இடைவெளி இருக்கும். பியர்ஸ் என்பது வழிக்கோடு ஸ்கெட்ச் தளத்தைத் துளைக்கும் அதே இடத்தில் புள்ளியைக் கட்டுகிறது. வழிக்கோடு குறுக்குவெட்டைத் தொடவில்லை என்ற பிழைச்செய்திக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஃபியூஷனில் பியர்ஸ் இல்லை. இன்டர்செக்ட் கட்டளையால் வழிக்கோட்டின் வெட்டுப்புள்ளியை ஸ்கெட்ச்சுக்குள் கொண்டுவந்து, ஸ்ப்லைன் முனையை அதில் பொருத்துங்கள்.

அடுத்து, முனைகளில் ஸ்ப்லைனின் தொடுகோடு சமச்சீர்த் தளத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அதற்கு உறவு கொடுத்துப் பூட்டிவிடுங்கள். இரண்டு டிகிரி விலகினாலும், மறுபாதியைப் பிரதியெடுத்த பிறகு நடுவில் முதுகெலும்பு போல ஒரு மடிப்பு ஓடும். செங்குத்தாக இருந்தால் வளைவும் இருபுறமும் தானாகவே சமமாகிவிடும், ஏனெனில் மறுபாதி இதன் பிம்பம்தானே. இதற்கும் ஒரு படி மேலே, வளைவுச் சீப்பு சமச்சீர்த் தளத்தை எப்படிச் சந்திக்கிறது என்று பாருங்கள். அது தட்டையாக வந்து சேர வேண்டும். சாய்வாக ஏறி வந்து நின்றால், பிரதியெடுத்த பின் நடுவில் கூரை முகடு போல உச்சி தோன்றும்; கையில் தடவினால் தெரியாது, ஒளிப் பிரதிபலிப்பில் தெரியும்.

வடிவம் சமச்சீராக இல்லாமல் மூடிய முழு வெட்டுகள்தான் வேண்டும் என்ற நிலையும் வரும். மேலே சதுரம், கீழே வட்டம் கொண்ட காற்றுக் குழாய் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சதுரத்துக்கு நான்கு துண்டுகள், வட்டத்துக்கு ஒரே துண்டு. சதுரத்தின் மூலைகள் வட்டத்தில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதுவாக ஊகித்த இடம் தவறினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். வட்டத்தை ஸ்ப்ளிட் என்டிட்டிஸ் கொண்டு சதுரத்தின் மூலைகளுக்கு நேராக, அதாவது 45, 135, 225, 315 டிகிரிகளில் நான்கு வில்களாகப் பிரித்துவிட்டால், மூலைக்கு மூலை நேராக இறங்கும். சதுரத்தின் மூலைகள் உருட்டப்பட்டிருந்தால் அது எட்டுத் துண்டுகள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஃப்ரீகேட்டின் பார்ட் டிசைன் லோஃப்ட்டில் வழிக்கோட்டு வசதி இல்லாததால், துண்டுகளின் எண்ணிக்கையை ஒத்துப்போகச் செய்வது அங்கே இன்னும் முக்கியம்.

6. லோஃப்ட் கட்டளையை இயக்குதல்

இப்போதுதான் கட்டளை. நம் வெட்டுகள் திறந்தவை என்பதால், திண்மமாக இல்லாமல் மேற்பரப்பை மட்டும் தரும் சர்ஃபேஸ் லோஃப்ட்டை எடுங்கள். மேலிருந்து கீழாக, வரிசை மாறாமல் வெட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் முன்விளிம்புக்கு அருகிலேயே கிளிக் செய்யுங்கள். ஒன்றை முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் கிளிக் செய்தால் மேற்பரப்பு நடுவில் திருகிக்கொள்ளும். திருகிவிட்டால் வலது கிளிக் செய்து எந்தப் புள்ளி எதோடு சேர்கிறது என்று காட்டும் எல்லா இணைப்பிகளையும் காட்டச் சொல்லி, தவறான இடத்தில் உள்ள பச்சைப் புள்ளியை இழுத்துச் சரியான முனையில் விடுங்கள்.

வழிக்கோடுகளை இன்னும் சேர்க்க வேண்டாம். வெட்டுகள் மட்டும் கொண்டு ஒரு முறை உருவாக்கிப் பாருங்கள். அது நேராக வந்தால் வெட்டுகளில் குறை இல்லை என்று தெரிந்துவிடும். பிறகு முன்விளிம்பைச் சேருங்கள், பாருங்கள். பின்விளிம்பைச் சேருங்கள், பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பிழை வந்தால், அது எதனால் என்று கண்டுபிடிக்கவே மணிக்கணக்காகும்.

வெட்டுகளின் முனைகளைச் செங்குத்தாகப் பூட்டியது அந்தந்தத் தளங்களில் மட்டுமே செல்லும். இரண்டு வெட்டுகளுக்கு இடையே மேற்பரப்பு சாய்ந்துவிடலாம். அதனால் வழிக்கோடு ஒவ்வொன்றுக்கும் கைடு டேஞ்சன்சி என்ற இடத்தில் நார்மல் டு ப்ரொஃபைல் கொடுங்கள். வேறு மென்பொருளில் இந்த வசதி கிடைக்காவிட்டால், பிரதியெடுத்த பின் நடுக்கோட்டை மறக்காமல் சோதிக்க வேண்டும்.

7. தொடக்க, முடிவு நிபந்தனைகள்

மேல்முனை தலைப்பகுதியின் கழுத்தைச் சந்திக்கிறது. அங்கே நிபந்தனை ஏதும் கொடுக்காவிட்டால் இரண்டும் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான், ஓரம் தெரியும். டேஞ்சன்சி டு ஃபேஸ் கொடுத்தால் திசை ஒத்துப்போகும். கர்வேச்சர் டு ஃபேஸ் கொடுத்தால் வளைவும் ஒத்துப்போகும். தொழில்துறையில் இம்மூன்றையும் முறையே ஜி0, ஜி1, ஜி2 என்கிறார்கள். கையும் கண்ணும் ஒருங்கே படும் இடம் என்பதால் இங்கே ஜி2 கேட்பது நியாயம். உறைக்குள் மறையும் வலுவூட்டும் பட்டிகளுக்கு (ரிப்களுக்கு) அதைக் கேட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம்.

தொடுகோட்டு நீளம் தொடக்கத்தில் 1 என்று இருக்கும். அதை 0.5 முதல் 1.5 வரை மாற்றிப் பாருங்கள். வீங்கிய கழுத்தையும் ஒட்டிய கழுத்தையும் அங்கேயே தீர்மானிக்கலாம். மிகவும் கூட்டினால் மேற்பரப்பு புடைத்து மடியத் தொடங்கும்.

8. சோதித்தல்

திரையில் வடிவம் பட்டை பட்டையாகத் தெரிந்தால் உடனே கோடுகளைத் திருத்தப் போகாதீர்கள். படத்தரத்தைக் கூட்டிப் பாருங்கள். அது திரைக்காக மென்பொருள் எடுத்துக்கொண்ட தோராயமாக இருக்கலாம்.

மேற்பரப்பில் பட்டைகள் பிரதிபலிப்பது போலக் காட்டும் ஸீப்ரா கோடுகளை இயக்கி மாதிரியை மெதுவாகச் சுழற்றுங்கள். இணைப்பில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் துண்டாகி விலகி நின்றால் ஜி0. சந்தித்து அங்கேயே முறிந்து திரும்பினால் ஜி1. முறிவின்றி ஓடினால் ஜி2. ஒரே மேற்பரப்பின் நடுவிலேயே பட்டை நெளிந்தால் குறை இணைப்பில் இல்லை, அந்த இடத்துக்கு அருகிலுள்ள வெட்டில் இருக்கிறது. அந்த வெட்டை லோஃப்ட்டிலிருந்து தற்காலிகமாக நீக்கிப் பாருங்கள். நெளிவு மறைந்து, வடிவமும் பெரிதாக மாறவில்லை என்றால் அந்த வெட்டு தேவையே இல்லை.

பிறகு பாதியைப் பிரதியெடுத்து, முனைகளை மூடி, எல்லாவற்றையும் நிட் கட்டளையால் தைத்துத் திண்மமாக்குங்கள். நடுக்கோட்டின் மேல் ஸீப்ராவை மீண்டும் ஓட்டுங்கள். ஒரு மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள், அதற்கான எஸ்.டி.எல். கோப்பில் விலகலை 0.05 மி.மீ. அளவுக்கு வைத்தால் முக்கோண முகப்புகள் கையில் உறுத்தாது.

9. சுவர்த் தடிமனும் அச்சிலிருந்து பிரியும் சாய்வும்

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் உறைக்கு 2 முதல் 2.5 மி.மீ. சுவர் வழக்கமானது. ஷெல் கட்டளை உள்நோக்கி அந்த அளவு நகரும்போது, வெளிப்புறக் குமிழ் வளைவின் ஆரமும் அதே அளவு குறையும். வெளியே 1.8 மி.மீ. ஆரம் உள்ள இடத்தில் 2 மி.மீ. நகர இடமில்லை, கட்டளை முறியும். ஆகவே ஷெல்லுக்கு முன்பு மிகக்குறைந்த ஆரத்தைச் சோதித்துவிடுங்கள். ஃபில்லெட் தேவைப்படும் ஓரங்களை ஷெல்லுக்கு முன்பே உருட்டினால்தான் உள்ளேயும் சுவர் சீராக வரும்.

அச்சு உரசாமல் திறக்கச் சுவர்களுக்குக் கொடுக்கும் சாய்வு பற்றி ஒரு முரண்பாடு இங்கே இருக்கிறது. கைப்பிடி சமச்சீர்த் தளத்தில் இரண்டாகப் பிரிந்து, அச்சு அதற்குச் செங்குத்தாகத் திறக்கும். வழவழப்புக்காக அந்த இடத்தில் மேற்பரப்பைச் செங்குத்தாகப் பூட்டினோம். அதனால் பிரிகோட்டில், அதாவது இரு பாதிகளும் சேரும் கோட்டில், சாய்வு சரியாக 0 டிகிரி. பளபளப்பான மேற்பரப்பானால், வளைவு உடனே விலகிச் செல்வதால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. டெக்ஸ்சர் இருந்தால் ஒவ்வொரு 0.025 மி.மீ. ஆழத்துக்கும் சுமார் 1 முதல் 1.5 டிகிரி சாய்வு தேவை. பிரிகோட்டை ஒட்டிய பட்டையில் அது கிடைக்காது, அச்சு திறக்கும்போது உரசிக் கீறல் விழும்.

இதற்கு நான் விரும்பும் தீர்வு, இரு பாதிகளும் சேரும் கோட்டில் 0.5 மி.மீ. அகலமுள்ள ஒரு பள்ளத்தை வெளிப்படையாகவே வடிவமைத்துவிடுவது. பள்ளம் இருந்தால் முனையில் ஒரு டிகிரி சாய்வு கொடுத்தாலும் நடு மடிப்பு கண்ணில் படாது. இரு பாதிகளும் இம்மியளவு விலகி ஒட்டினாலும் தெரியாது. டெக்ஸ்சரையும் பள்ளத்துக்குச் சில மி.மீ. முன்பே நிறுத்திவிடலாம். எது வேண்டும் என்பதை ஐந்தாம் படியில், முனைத் தொடுகோட்டைப் பூட்டும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது.

10. அச்சுத் தயாரிப்பாளருக்கு அனுப்புதல்

பினாங்கு மாநிலத்தின் பிறை, புக்கிட் மெர்தாஜாம் ஊர்கள் பக்கமுள்ள அச்சுப் பட்டறைகளுக்கு, மேற்பரப்புகளை அப்படியே வைத்திருக்கும் ஸ்டெப் கோப்பைத்தான் அனுப்ப வேண்டும், எஸ்.டி.எல். அனுப்பினால் அதில் மேற்பரப்புகள் இல்லை, முக்கோணங்கள்தான் இருக்கும். ஏற்றுமதி செய்த கோப்பைப் புதிதாகத் திறந்து, அது ஒரே திண்மமாக வருகிறதா, கனஅளவு மூலக் கோப்போடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். நிட் செய்த இடத்தில் நூலளவு இடைவெளி எஞ்சியிருந்தால் திண்மம் வெறும் மேற்பரப்புகளாக உடைந்து வரும்.

சுருக்கத்துக்காக மாதிரியை நீங்களே பெரிதாக்காதீர்கள். ஏ.பி.எஸ். குளிரும்போது ஏறத்தாழ 0.4 முதல் 0.7 விழுக்காடு சுருங்கும். எந்த நிறுவனத்தின் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொண்டு அச்சுத் தயாரிப்பாளர் அதைச் சேர்ப்பார். நீங்களும் சேர்த்து அவரும் சேர்த்தால், 110 மி.மீ. கைப்பிடி ஏறத்தாழ 0.4 முதல் 0.8 மி.மீ. வரை நீண்டு, தலைப்பகுதியின் திருகுத் துளைகளோடு பொருந்தாமல் போகும். வரைபடத்தின் ஓரத்தில் "சுருக்கம் சேர்க்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதி, பிளாஸ்டிக்கின் வகைப் பெயரையும் டெக்ஸ்சர் நிற்க வேண்டிய எல்லையையும் அதன் கீழே குறித்து அனுப்புங்கள்.